சைக்கிள்காரப் புருஷன்

சித்தியின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குப் பதினேழு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் தங்கி, உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதாகத் திட்டம். திங்கள் காலை அவளுடைய பெயரைப் பொலிஸில் பதிய வேண்டும். பதியாத தமிழ்ப் பிள்ளை சுற்றிவளைப்பில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் வீட்டுக்கார அன்ரி கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை.

"வயசுப் புள்ள, மகள். ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது? ரெண்டு நாள் பாக்குறேன்" என்றார்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பனியில் தொழில்நுட்ப உதவியாளர். எதற்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதிப் பழகியவள். தங்கைக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது விதி: சிரிப்பதாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சிரிக்கவும்.

ஞாயிறு பின்னேரம் ஒழுங்கை முழுவதும் எந்த வீட்டிலும் கேபிள் டீவி வேலை செய்யவில்லை. அன்ரி மேலே ஏறி வந்து, "கம்பியூட்டர்ல படம் ஏதும் இருக்குதா?" என்று கேட்டார். வேலைத்தலத்தில் ஒருத்தி தந்த ஆங்கிலப் படம் ஒன்று இருந்தது. டிவிடி அட்டையில் பாடசாலைச் சீருடையில் ஒரு பெண், தன்னைவிடப் பெரிய பித்தளை வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மியூசிக் படம், அக்கா" என்றாள் தங்கை.

அன்ரிக்குத் தமிழும் சிங்களமும் நன்றாக வரும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். பத்தாவது நிமிடத்தில் அந்தப் பெண் வாத்தியத்துக்குள் வாந்தி எடுத்தாள்.

"என்னாவாம்?"

"சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையாம், அன்ரி."

அடுத்த காட்சியில் பாடசாலைக் கழிப்பறையில் அவள் ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியில் இரண்டு கோடுகள். லிஃப்டில் கோளாறு என்றால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், இது எனக்கு நித்திரையிலும் தெரியும். ஆனால் படத்தை நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டிவரும். ஆகவே ஓடவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு இருபத்து நான்கு வயதாக்கி, ஆசிரியை உத்தியோகமும் கொடுத்து, கலியாணமும் செய்துவைத்தேன்.

"டீச்சர்னா அவ ஏன் சோதனை எழுதுறா?"

"மேற்படிப்பு, அன்ரி."

"புருஷன் எவன்?"

"உந்தச் சைக்கிளில வாறவர்."

"மீசையே முளைக்கல்ல."

"அங்க எல்லாரும் வழிக்கிறவை."

"பல்லுக்குக் கம்பி போட்டிருக்கான்."

"கலியாணத்துக்குப் பிறகுதான் நேரம் கிடைச்சதாம்."

தங்கை தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஐந்தாவது விதி மீறப்படாமல் இருக்க அவள் பட்ட பாடு தோளில் தெரிந்தது. படத்தில் அந்தப் பெண் தகப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பெயின்ற் வாளியின் மேல் பொத்தென்று இருந்து அழுதார், பிறகு "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவருக்கு வேலை போய்விட்டதாக நான் சொன்னேன். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசிப் பகுதியில் வயிறு வாத்தியத்தைவிடப் பெரிதாகிவிட்டது. வாத்தியத்தைப் பக்கவாட்டில் பிடித்தபடி அவள் ஊர்வலம் போனாள்.

"நிப்பாட்டுங்க" என்றார் அன்ரி. நிப்பாட்டினேன். "நாளைக்கு வலி வரப்போற வயிறு இவ்வளவு மேலயா நிக்கும்? இறங்கியிருக்கணும். தலையணை கட்டத் தெரியாதவனுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"முப்பது வருஷம் மட்டக்குளியில மிட்வைஃப், மகள். இந்த மாதிரிப் புள்ளைங்களோட வீட்டு வாசல்ல எத்தன தரம் போய் நின்னிருப்பேன். பதினாறு வயசு எப்பிடி இருக்கும்னு எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?"

கவர்மெண்ட் வேலை என்று மட்டும்தான் அவர் முன்பு சொல்லியிருந்தார். கண்ணாடியையும் வாடகைப் பற்றுச்சீட்டில் இருந்த கையெழுத்தையும் பார்த்து, மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்காக இருந்திருப்பார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

"எப்ப விளங்கினது, அன்ரி?"

"வாந்தி எடுத்தப்பவே."

"பிறகேன் கேட்டுக்கொண்டே இருந்தனீங்கள்?"

"அடுத்தது என்னா சொல்லுவீங்கன்னு பாத்தேன். பல்லுக் கம்பி நல்லா இருந்துச்சு."

தங்கை தலையணையிலிருந்து முகத்தை எடுத்து, "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை, அன்ரி. எல்லாம் அக்காதான்" என்றாள். இரத்த உறவு அவ்வளவுதான்.

அன்ரி அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள அப்பன்கிட்ட போய்ச் சொல்லிட்டா. சொல்றவளப் பத்தி எனக்குப் பயமில்ல. ஒளிக்கிறவளுக்குத்தான் நான் ராத்திரி பகலா ஓடியிருக்கேன். உனக்கு ஒரு கஷ்டம் வந்தா யாருகிட்ட சொல்லுவ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் படிக்க வேண்டிய பாடசாலையை நினைத்தேன், திங்கட்கிழமையை நினைத்தேன்.

"உங்களிட்டை."

"ஏன் அக்காகிட்ட இல்ல?"

"அக்கா முதல்ல லிஸ்ட் போடுவா, அன்ரி."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதவு திறந்துதான் கிடந்தது. பிறகு படிவத்தைக் கேட்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் ஏற்கனவே என் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தேன். அதை ஒரே கோட்டில் வெட்டி, மேலே தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இப்ப முதல்ல இருந்து போடுங்க" என்றார். "சின்னவ சொல்லட்டும்."

தங்கையின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். பாதி வசனங்களுக்கு "என்னவோ சொல்லுறா, விளங்கேல்லை" என்றாள். அன்ரி ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.