ரமணி அக்கா வாங்கிட்டுப் போன பழம்

எங்க கிளினிக்ல ரமணி அக்காவுக்கு ஆளைத் தேடிப் பிடிக்கிறதுதான் வேலை. போலீஸ் இல்லைங்க, நர்ஸ். ஜார்ஜ்டவுன்ல ஒரு வயசுப் பிள்ளைக்குப் பால்வினை நோய்னு தெரிஞ்சா, அதுகூடப் பழகினவங்களையும் கூப்பிட்டு, ரத்தம் பார்த்து, ஊசி போட்டு அனுப்பணும். விஷயம் பெத்தவங்க காதுக்குக்கூடப் போகக் கூடாது.

மோகனராஜ்னு ஒரு பையன், புக்கிட் தெங்கா ஃபேக்டரியில வேலை. அவனோட பழைய சிநேகிதிக்கு சிஃபிலிஸ். எத்தனை தடவை அடிச்சாலும் இவன் போனை எடுக்கலை. "இப்ப வேற பொண்ணோட பழகுறானாம், ரீத்தா. அவளுக்கும் தொத்திடுச்சுன்னா?"ன்னு என்கிட்டப் புலம்பின அக்காவுக்குச் சோறே இறங்கலை. கடைசியில என்னையும் கார்ல ஏத்திக்கிட்டு, தீவை விட்டுக் கடல் பாலம் தாண்டி, அவன் வீடு இருக்கிற புக்கிட் மெர்தாஜாமுக்கே போயிட்டாங்க.

யூனிஃபார்ம்ல போனா அக்கம்பக்கம் பேசும்னு ரெண்டு பேரும் புடவை. ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோட போறதாவதுன்னு வழியில பாசார் கடையில வாழைப்பழம், ஆப்பிள். எனக்காவது உறைச்சிருக்க வேண்டாமா? கடவுளே!

கதவைத் திறந்த அவன் அம்மா வடிவம்மாள் பழத்தைப் பார்த்தாங்க, புடவையைப் பார்த்தாங்க. "தம்பி மோகனராஜைப் பார்க்கணும்"னு அக்கா சொன்னதும் முகமெல்லாம் பல்லு. காப்பி வந்துச்சு, முறுக்கு வந்துச்சு.

"பொண்ணு என்ன வேலை பார்க்குதும்மா?"

எங்களைப் பொண்ணு வீட்டுக்காரங்கன்னே நினைச்சுட்டாங்க! அக்கா சமாளிச்சாங்க. "முதல்ல தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிடுறோம்மா."

வேலை முடிஞ்சு வந்த பையன், அக்கா மெல்லக் காதோரமா கிளினிக்னு சொன்னதும் வெளிறிப் போனான். "வெட்கத்தைப் பாருங்க!"ன்னு அம்மா சிரிக்கிறாங்க. அக்கா அவனைக் கார் பக்கம் கூட்டிப் போனாங்க. "திட்ட வரலை தம்பி. ஊசி போட்டா சரியாயிடும்லா. ஆனா உங்களை நம்பி ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

வந்தான், அந்தப் புதுப் பொண்ணு ரூபினியோட. அவனுக்கு நோய் இருந்துச்சு. அவளுக்கு ரத்தத்துல ஒண்ணும் தெரியலை, இருந்தாலும் தொத்தாம இருக்க அவளுக்கும் ஊசி. விஷயம் தெரிஞ்சு அவ அவனை அங்கேயே வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினா. அப்புறம் அவன் ஊசி போட்டுக்கிட்டு நொண்டி நொண்டி வந்தப்ப கையைப் பிடிச்சுக்கிட்டா.

சில மாசம் கழிச்சு அக்காவுக்கு வடிவம்மாள் போன். அன்னைக்கே நம்பரை வாங்கி வச்சிருந்தாங்க. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரூபினின்னு ஒரு பொண்ணைத்தான் கட்டுவேன்னுட்டான். உங்க பொண்ணுக்கும் நல்ல இடமா அமையும், பாருங்க."

"பரவாயில்லைம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்."

அக்காவுக்கு இருக்கிறது ரெண்டும் பையனுங்க. ஆனா போனை வச்சதும் பாருங்க, பொண்ணைக் கட்டிக் கொடுத்த அம்மா மாதிரி ஒரே அழுகை.