கன்னி மூலையில் ஒரு மறைப்புரை

என் மாமியார் கர்த்தரைத் தவிர யாருக்கும் பயப்படாதவள் என்று ஊரில் பேச்சு. சுத்தப் பொய். கர்த்தருக்கு அடுத்தபடியாக அவள் கன்னி மூலைக்குப் பயந்தாள்.

வீடும் தோட்டமும் சேர்ந்த மனையின் தென்மேற்கு மூலைக்கு எங்கள் பக்கத்தில் கன்னி மூலை என்று பேர். அங்கே குழி வெட்டக்கூடாது, அழுக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது. இந்து வீட்டில் ஆசாரி சொல்வதைக் கிறிஸ்தவ வீட்டிலும் அதே ஆசாரிதான் வந்து சொல்லுவான். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று போதகர் பிரசங்கம் செய்வார். எல்லாரும் பயபக்தியாக ஆமென் சொல்லுவார்கள். வீடு கட்டும்போது அதே ஆமென் கூட்டம் ஆசாரியைக் கூப்பிட்டு மூலை பார்க்கும். எனக்கு அப்போதெல்லாம் சிரிப்பை அடக்கவே முடியாது.

நான் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வருஷம் எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், கோஷம். சந்தையில் ஒருத்தி எந்த மொழியில் மீன் விலை கேட்கிறாள் என்று பக்கத்தில் நிற்கிறவன் காது கொடுத்துக் கேட்டான். அதற்கு முன்னால் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. ஒரே பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற ஜனங்கள் நாங்கள்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். போராட்டத்துக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம் ஒரே ஒரு சட்டைதான். அமரவிளைப் பக்கம் நடந்த கூட்டத்தில் பேச இருந்த ஒருவருக்குத் தைத்த சட்டை. மேடையேறுவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாகப் போனார். இவர் போய்ச் சேரவும் போலீஸ் தடியெடுக்கவும் சரியாக இருந்தது. கூட்டம் சிதறி ஓடியது, இவரும் ஓடினார். ரோட்டோரத்து ஓடையில் விழுந்து கெண்டைக்கால் எலும்பு முறிந்தது. மிஷன் ஆசுபத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊரெல்லாம் தியாகியைப் பார்க்க வந்தது. "நான் சட்டை குடுக்கப் போனேன்" என்று அவர் சொன்னால், தியாகிக்கு எவ்வளவு அடக்கம் பார் என்று உருகிப்போனார்கள். விழும்போதும் கையில் தூக்கிப் பிடித்திருந்த அந்தச் சட்டை மட்டும் கசங்காமல் அலமாரியில் இருந்தது.

அது வரைக்கும் எல்லாம் சிரிப்புதான். அதற்குப் பிறகு வந்ததுதான் எங்களை ஒரு வழி பண்ணியது.

நாலு மூங்கில் நட்டு ஓலை மறைத்த கக்கூசுக்கு எங்கள் ஊரில் மறைப்புரை என்று பேர். எங்கள் வீட்டு மறைப்புரை வடக்கே சரிவின் அடியில் இருந்தது. செம்பாறையில் வெட்டிய படிகளில் இறங்கிப் போக வேண்டும். காலில் கட்டோடு கிடக்கிற மனிதர் எப்படி இறங்குவார்? கட்டிலுக்கடியில் ஒரு சட்டியை வைத்தோம். நான்தான் எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டுவேன். எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. அவருக்கு இருந்தது. தேய்க்காத சட்டையோடு வாசலுக்குக்கூட வராத மனிதர். கல்யாணமாகி மாசங்கள்தான் ஆகியிருந்தன. நான் சட்டியை எடுக்கிற நேரமெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் போன பிறகும் வெகு நேரத்துக்குத் திரும்பமாட்டார்.

அப்படியிருக்க அவருடைய உதடு வெடிக்கத் தொடங்கியது. கண் உள்ளே போனது. செம்பு நிறையத் தண்ணீர் வைத்தால் காலி செம்பு வருகிறது. பிறகு ஏன் இப்படி வாடுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் துணி உலர்த்த வீட்டின் பின்புறம் போனேன். கொளுத்துகிற கோடை, தோட்டமே கருகிக் கிடந்தது. அவருடைய சன்னலுக்குக் கீழே நின்ற சேம்பு மட்டும் பச்சைப் பசேல் என்று யானைக் காது மாதிரி இலை விரித்து நின்றது. நான் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்தது அந்தச் சேம்புதான்.

உள்ளே போய் வாயில் வந்தபடி ஏசினேன். ஏசி முடித்ததும் அழுதேன்.

"என்னத்துக்கு இங்ஙன செய்யுதிய?"

"குடிச்சா போணும்லா," என்றார்.

"போனா என்ன? எடுக்கதுக்கு நான் இல்லியா?"

"அதாக்கும் காரியம். நீ எடுக்கியதுதான் எனக்குச் சகிக்கல்ல."

கஞ்சியையும் குறைத்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சல் வந்தது, நீர்க்கடுப்பு வந்தது. ஆசுபத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு என்னையும் மாமியையும் வெளியே கூப்பிட்டார். "காலு கூடிரும். காலு கூடும்போ ஆளு இருக்கண்டாமா? வெள்ளம் குடிக்க வையுங்க," என்றார். கம்பு ஊன்றிச் சமதரையில் பைய நடக்கலாம், படி மட்டும் கூடாது என்றும் சொன்னார்.

சமதரை எங்கே இருக்கிறது? கிழக்கே ரோட்டைப் பார்த்த முற்றம், அதை ஒட்டிக் கிணறு. தெற்கே பாதி இடத்தை அடுக்களை பிடித்துக்கொண்டது. வடக்கும் மேற்கும் சரிவு. அவருடைய அறையின் பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டு தரை, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வேலி வரைக்கும் போகும். அங்கே ஒரு மறைப்புரை கட்டினால் கம்பை ஊன்றித் தானே போய்த் தானே வந்துவிடுவார். நான் சந்தோஷத்தில் குதித்தேன். அது கன்னி மூலை.

ஆசாரி வந்தான், பார்த்தான், முழக்கோலைக் கையில்கூட எடுக்காமல் போய்விட்டான். மாமியோ வாசலில் நின்று இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உயிரோட இருக்கிய வரைக்கும் அங்ஙன குழி வெட்ட விடமாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெனமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிய மாமிக்கு மூலைக்கிட்ட என்ன பயம்? உங்க மவன் அங்ஙன வெள்ளமில்லாம காஞ்சு சாவுதாரு!"

மாமி பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கதவை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"பிள்ளே, அவனுக்க அப்பன் அங்ஙனதான் உரக்குழி வெட்டினாரு. நான் வேண்டாம்னு சொன்னேன். மூடநம்பிக்கைன்னு சிரிச்சாரு. அந்த வருசமாக்கும் அவரு போனது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவன் ஒருத்தன்தான் எனக்கு உண்டு."

என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரே மனிதனுக்காக நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். எனக்குச் சட்டியைக் கண்டு பயம், அவளுக்கு மூலையைக் கண்டு பயம். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அழுதுகொண்டே சொன்னேன். "அப்பம் அந்த மூலைய எங்கயாவது கொண்டு போடுங்க. நாடே எல்லைய அங்ஙனயும் இங்ஙனயும் இழுக்குது. உங்களுக்கு ஒரு வேலிய இழுக்கப்பிடாதா?"

ஆற்றாமையில் சொன்ன பேச்சு. மாமி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெற்கு வேலிக்கு அப்பால் மலையாளம் பேசுகிற ஒரு விதவை தன் தம்பியோடு இருந்தாள். ஊரே அவளை அக்கச்சி என்றுதான் கூப்பிடும். அவளும் மாமியும் வேலிக்கு மேலாகக் கிண்ணம் கைமாற்றிக்கொள்கிற சிநேகிதிகள். போராட்டம் அதையும் கெடுத்தது. ஓர் ஊர்வலம் அக்கச்சியின் வாசலில் நின்று கோஷம் போட்டது. அவள் தம்பி வேலியோரம் வந்து மாமியைப் பார்த்துக் கத்தினான், மாமி பத்து மடங்கு கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து மாமி வாயில் மலையாளமும் நின்றது. பஸ் கண்டக்டர் மலையாளத்தில் கேட்டாலும் தமிழில்தான் பதில். அக்கச்சியின் கிண்ணம் ஒன்று எங்கள் அடுக்களையில் கவிழ்ந்தே கிடந்தது.

மறுநாள் காலை மாமி அந்தக் கிண்ணத்தைக் கழுவினாள். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதே, பச்சை மாங்காய் போட்டு நிரப்பினாள். வேலியருகே போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கச்சி."

அங்கே விளக்குமாற்றால் முற்றம் தூத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எனக்க மவன் வெள்ளம் குடிக்கமாட்டேங்கான், அக்கச்சி," என்றாள் மாமி. மிச்சத்தை நான்தான் சொன்னேன்.

அக்கச்சி கிண்ணத்தை வாங்கினாள். வேலியைப் பார்த்தாள், சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அவளும் மூலை தெரிந்தவள்தான்.

"நிங்ஙள்க்கு கன்னி மூல. எனிக்கு அது வாயு மூலயாணல்லோ," என்றாள். "மறப்புர வாயு மூலயில் ஆகாம். வேலி அங்ஙோட்டு மாற்றிக் கெட்டிக்கோ."

எங்கள் மனையின் தென்மேற்கு, அவள் மனைக்கு வடமேற்கு. வடமேற்கில் கக்கூசு இருக்கலாம், தோஷமில்லை. வேலியை எங்கள் பக்கமாக நகர்த்திக் கட்டினால் அந்தத் துண்டு தரை எங்களைவிட்டு அக்கச்சியின் மனையோடு சேர்ந்துவிடும். பிறகு அது யாருக்கும் கன்னி மூலை இல்லை. மாமி நாடியில் கைவைத்து நின்றாள். இதை அவளே யோசித்து வந்திருந்தாளா, கேட்க வாய் வரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலி பிடுங்குகிற சத்தம் கேட்டு அக்கச்சியின் தம்பி பாய்ந்து வந்தான். மண்ணை விட்டுக் கொடுக்கிறது நாங்கள், வாங்கிக்கொள்கிறது அவர்கள். சண்டை போட எங்கே பிடி கிடைக்கும்? அவனும் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்தான். சாயங்காலத்துக்குள் வேலி மாறி, நடுவே ஒரு இடைவெளி விட்டு, அப்பால் மறைப்புரையும் எழும்பிவிட்டது. கைபிடித்து நடக்க அறைக் கதவிலிருந்து நீளமாக ஒரு மூங்கிலும் கட்டினார்கள்.

மாமி விடுவாளா? மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அது இப்பம் நம்ம மண்ணு இல்ல கேட்டியா மக்கா. அடுத்தவங்களுக்க மண்ணாக்கும். கேட்டுட்டுத்தான் காலு வைக்கணும். கேக்காம வச்சா நம்ம மண்ணுன்னு ஆயிப்போவும்."

மறுநாள் விடிந்ததும் அவர் மூங்கிலைப் பிடித்துப் பிடித்து வேலி இடைவெளி வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்றார். முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"எம்மா, இதையும் ஊருக்குச் சொல்லிட்டாக்கும் போணுமா?"

"கேளு மக்கா."

பக்கத்துக் கமுகுக்குக்கூடக் கேட்காத குரலில், "அக்கச்சி, வரட்டா?" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்தது அக்கச்சியின் தொண்டை. "போய்க்கோ மோனே!"

அவள் தம்பி எங்கேயோ சிரித்தான். நான் உள்ளே பதறினேன், போச்சு, மனிதர் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று. ஆனால் அவரும் சிரித்தார். ஓடையில் விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. கம்பை ஊன்றி உள்ளே போனார். நானும் மாமியும் ஆளுக்கொரு வேலை செய்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தோம். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "வெள்ளம் உண்டா?" என்றார். செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

நான் அடுக்களையில் போய் வயிறு நிறைய அழுதேன்.

கால் கூடியது. கொஞ்சம் சாய்த்து நடப்பார், தையல் மெஷினை மிதிக்க அது போதும். எல்லையும் ஒரு நாள் முடிவாகிவிட்டது. என் அம்மை வீடு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், நான் வாழ்க்கைப்பட்ட வீடு இந்தப் பக்கம் மலையாளத்தோடு. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வேலியைப் பழையபடி மாற்றிக் கட்டலாமே என்று அக்கச்சியே சொல்லிப் பார்த்தாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்றுவிட்டாள் மாமி. அதனால் தினமும் விடிந்ததும் "அக்கச்சி, வரட்டா?", "போய்க்கோ மோனே!" என்று இரண்டு குரலும் கேட்கும். எங்கள் வீட்டில் அதுதான் கோழி கூவுகிற நேரம்.

பிறகு அக்கச்சி இறந்துபோனாள். அவளுடைய மண்ணிலேயே தெற்கே எரித்தார்கள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வேலி இடைவெளிவரை போனார், நின்றார், திரும்பி வந்தார். கேட்க அக்கச்சி இல்லை, அவள் தம்பியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நொண்டிக்கொண்டே வடக்குப் படியில் இறங்கப் போனார். அடுத்த நாளும் அப்படியே. கட்டிலருகே வைத்த செம்பில் தண்ணீர் குறையவே இல்லை. சன்னலுக்குக் கீழே எட்டிப் பார்த்தேன், இந்தத் தடவை ஊற்றவும் இல்லை. பழைய ஆள்தான், பழைய புத்திதான் என்று மாமியிடம் போய்ச் சொன்னேன்.

மாமிக்கு அப்போது முதுகு கூனிவிட்டிருந்தது. மறுநாள் விடியற்காலையில் அவள் ஒன்றும் சொல்லாமல் முன்வாசல் வழியாக இறங்கி, ரோட்டைச் சுற்றி நடந்து, அக்கச்சியின் முற்றத்துக்குப் போவதைப் பார்த்தேன். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இடைவெளியில் நின்றவரின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

"கேளுங்க."

"ஆருகிட்ட கேக்க?"

"கேளுங்கன்னா கேளுங்க."

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "அக்கச்சி... வரட்டா?"

வேலியோரம் கத்திய அந்த நாளுக்குப் பிறகு இத்தனை வருஷமும் மலையாளத்தில் வாய் திறக்காத என் மாமியார், வேலிக்கு அப்பாலிருந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"போய்க்கோ மோனே!"