கமலநாதன் கண்டெடுக்காத குரல்

கமலநாதன் சார் இறந்த செய்தி எங்கள் மெல்லிசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது, பாண்டி பஜாரில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடமே அஞ்சலிகள் குவிந்தன. 'பாடகி மேகலாவைக் கண்டெடுத்த மகான்' என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு ஜோடியையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்: அவருக்கு ஜிப்பா நன்றாகப் பொருந்தும். பதினெட்டு வருடம் அவர் குழுவில் ரிதம் பேட் வாசித்தவன் என்ற முறையில், அவரை அறிந்த உங்களுக்கு மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மேகலா எங்களிடம் கோரஸ் பாட வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே குடியமர்த்தியிருந்தார்கள். அபிராமபுரத்தில் நடக்கும் ஒத்திகைக்கு இரண்டு பஸ் மாறி வருவாள். ஒருநாள் பத்து நிமிடம் தாமதம். சார் கதவைத் திறக்கவில்லை.

"பஸ்ஸு வர்ல சார், இன்னா பண்றது?" என்றாள் வெளியிலிருந்து.

"முதல்ல தமிழ் பேசக் கத்துக்க. அப்புறம் பாடலாம்" என்றார் சார். எல்லோரும் சிரித்தோம். அவள் மாடிப்படியிலேயே நின்று, உள்ளே நாங்கள் வாசித்த பாட்டுக்கெல்லாம் தன் பகுதியைப் பாடி முடித்துவிட்டுப் போனாள்.

பிறகு தி.நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. முன்வரிசைப் பாடகி லலிதாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மேகலாவை நிறுத்தினார். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். மாப்பிள்ளையே ஒன்ஸ்மோர் கேட்டான். கைதட்டல் அடங்கியதும் சார் அறிவித்தார்: "இவ்வளவு நேரம் பாடியவர் உங்கள் லலிதா!"

அழைப்பிதழில் அந்தப் பெயர்தான் இருந்ததாம். மேகலா ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தாள். மேடையை விட்டு இறங்கினாள். அதன்பின் வரவில்லை.

அந்த ஆடியில் தங்கள் குடியிருப்பின் அம்மன் திருவிழாவில், சார் கிண்டல் செய்த அதே பேச்சில் தானே கட்டிய பாட்டைப் பாடினாள். யாரோ அதைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டார்கள். சில வருடங்களில், அவள் பாட்டு ஒலிக்காத ஆட்டோ இந்த ஊரில் இல்லை என்றாயிற்று. உடனே சார் தொலைக்காட்சியில் தோன்றி, "அவள் என் வார்ப்பு" என்றார். வெட்கம் என்பது அவர் கச்சேரிப் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை.

சார் இறந்த அன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு மாலையோடு மேகலா வந்தாள். "உங்க குருவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று நிருபர்கள் மொய்த்தார்கள்.

"குரு இல்ல. ஒரு பாட்டுகூட அவரு சொல்லிக் குடுக்கல. எனுக்கும் ஒரு பேரு கீதுன்றது மட்டும் அவராலதான் ஒறச்சுது" என்றாள்.

நான் மனதுக்குள் கைதட்டினேன். போகும்போது என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அந்தக் கல்யாணத்துல உங்க முன்னாலயும் ஒரு மைக்கு இருந்துச்சே?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். அவள் கார் போன பிறகும் வாசலிலேயே நின்றேன்.

சம்பளம் கொடுப்பவர் பொய் சொல்லும்போது, தலையைக் குனிந்து அடுத்த பாட்டுக்குத் தாளம் எடுப்பது. கமலநாதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவரை எரித்துவிட்டார்கள், அது என்னிடம் அப்படியே இருக்கிறது.