சத்து ஊசி என்று சொன்னார்கள்

2009ஆம் வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்தது. அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். புவனகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எதைப் படித்தாலும் உடனே நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும் எனக்கு. அந்த மாதம் வகுப்பில் ஒரு செமினார் கொடுத்தேன். டி.என்.ஏ. மேல் சின்னச் சின்ன ரசாயன முத்திரைகள் ஒட்டியிருக்கும். எந்த ஜீன் பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. அந்த முத்திரைகளைக் கழற்றிவிடும் புது மருந்துகள் வந்திருக்கின்றன என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பின்வரிசை நண்பன், "மச்சான், ஒண்ணுமே புரியல. அதனால நல்ல மார்க்குதான் வரும்" என்றான்.

கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் லேபில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அப்பா இல்லாத வீடு. எதுவானாலும் கடலூரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து சொல்வதுதான் முடிவு. அவர்தான் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று மாமாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரும்பி வந்த அம்மா முகம் கழுவியிருந்தாள்.

"ரத்தம் கம்மியாம்டா. சத்து ஊசி போட்டா சரியாயிடுமாம்."

நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் முதலில் செய்வது, அதை வியாதிக்காரனிடமிருந்து மறைப்பதுதான். ஆனால் பின்னாலேயே வந்த டாக்டர், இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பில், நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார். என் செமினாரில் இருந்த மருந்து. அது எந்த வியாதிக்குக் கொடுப்பது என்றும் எனக்குத் தெரியும். விட்டால் ரத்தப் புற்றுநோயாக மாறும் வியாதி.

"சரிம்மா" என்றேன். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அதன் பிறகு பீட்ரூட் ஜூஸும் பேரீச்சம்பழமுமாக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அவள் எழுந்து நடமாடினாள். அதை உடைக்க மனசு வரவில்லை.

என் பயம் சாவைப் பற்றி மட்டும் இல்லை. அந்த மருந்து கெட்ட செல்லில் மட்டும் போய் முத்திரையைக் கழற்றும் என்று சொல்ல முடியாது. விந்தணு உருவாகும் இடத்திலும் அதே முத்திரைகள் உண்டு. ஆண் எலிக்குக் கொடுத்தால் ஜோடி எலிக்குக் கரு தங்குவது குறைகிறது. மனிதனில் பிறக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முதல் ஊசிக்கு முன்னால் விந்தணுவை எடுத்து உறையவைத்துவிட்டால் போதும். அந்த வசதி அப்போதே இருந்தது.

அட்மிஷனுக்கு முதல்நாள் டூட்டி டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். சங்கடத்தோடு, உங்களிடம் எதுவும் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், மாமா வந்து கேட்டால் ஏற்பாடு செய்யலாம் என்றார். வயதுவந்த ஆள் நான்தான், உடம்பும் என்னுடையதுதான். கேட்க வேண்டியது மட்டும் மாமா.

அன்று சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் மருந்து வேலை செய்யும் விதத்தை, எலியை, பிறக்கும் பிள்ளையை, எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரில் விரலால் படம் போட்டு விளக்கினேன். சொல்லப்போனால் விளக்குவதில் உற்சாகமாகக்கூட இருந்தேன். என் வகுப்பில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கடைசியில், ஊசிக்கு முன்னால் விந்தணுவை எடுத்துவைக்க நீங்கள்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றேன்.

"மொதல்ல நீ பொழச்சி வா மாப்ளே. புள்ளகுட்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இத எந்த மூஞ்சிய வச்சிகிட்டு டாக்டர்கிட்ட கேப்பேன்? உனக்குத் தெரியும்னு அக்காவுக்குத் தெரிஞ்சா அவ அங்கியே உழுந்துடுவா."

மறுநாள் காலை ஊசி ஆரம்பித்தது.

மருந்து கேட்டது. மாதாமாதம் போய் வந்ததில் ஒரு வருடத்துக்குள் ரத்தம் தேறியது. பிழைத்தேன், அதை இல்லையென்று சொல்லவில்லை. எம்.எஸ்சி.யை முடித்தேன், சிதம்பரத்தில் ஒரு வேலையும் கிடைத்தது.

மாமாவுக்கு ஒரே பெண். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எனக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. எங்களுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு என்னென்ன வரலாம் என்று வகுப்பில் படித்தபோது மட்டும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

2012இல் மாமா பத்திரிகை வைக்க வந்தார். பெண்ணுக்குச் சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை. அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, "என் புள்ளைக்கு என்னடா கொற?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மாமா கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிடப் போன என்னிடம்தான் பதிலைச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத மாப்ளே. அன்னிக்கி மாடியில நீதானே சொன்ன, பொறக்கற புள்ளைக்கு என்ன ஆவும்னு யாருக்கும் தெரியாதுன்னு. தெரிஞ்சிகிட்டே எப்படிக் குடுப்பேன்?"

அதே மாடியில், முன்கூட்டியே எடுத்துவைத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். நான் சொன்னதில் ஒரு பாதியை மட்டும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார், ஜன்னலிலிருந்து கையைக்கூட ஆட்டினார்.

அம்மா இன்றும் அதைச் சத்து ஊசி என்றுதான் சொல்கிறாள். வேறு பெண் பார்க்கலாம் என்று ஜாதகத்தை எடுத்து வைத்திருக்கிறாள். சோதனை செய்தால் விந்தணு எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். கழன்ற முத்திரைகள் அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டனவா என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. என் உடம்பைப் பற்றிய கேள்வியை அன்று டாக்டரிடம் என்னைத் தவிர எல்லோரும் கேட்கலாம் என்றிருந்தது. யாரும் கேட்கவில்லை, பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற, பதில் தெரியாத கேள்வியோடு வாழ்வது மட்டும் என் ஒருவனுக்கு என்று ஆகிவிட்டது.