ஆறு பக்கம் ரொப்பிய பெயர்கள்

என் வீட்டுக்காரர் கூசாமல் பொய் சொல்லக்கூடியவர். குறையாகச் சொல்லவில்லை, அச்சகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் "நாளைக்கு ரெடி" என்று சொல்லாமல் எப்படிப் பிழைப்பது? அவர் முன்னறையில் உட்கார்ந்து பக்கம் அமைப்பார். பின்னறையில் நான் பைண்டிங். அவர் செய்யும் தப்பையெல்லாம் தைத்து, பசை தடவி, அட்டை போட்டு வெளியே அனுப்புவது நான்தான்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி குழந்தைப் பெயர்கள் புத்தகம் ஒன்று போட்டார். பெயர், பக்கத்தில் பொருள், அவ்வளவுதான். தொகுத்துக் கொடுத்த வாத்தியார் கடைசித் தாளைக் கொடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அமைத்துப் பார்த்தால் ஆறு பக்கம் காலி. பதினாறு பக்கம் சேர்ந்தால்தான் ஒரு ஃபாரம். ஆறு பக்கத்தை வெள்ளையாக விட முதலாளிக்கு மனசு வரவில்லை.

"எதையாவது போட்டு ரொப்புய்யா" என்றார்.

சொல்லவா வேண்டும்? என் ஆள் உட்கார்ந்த இடத்தில் நூற்றைம்பது பெயர் பெற்றெடுத்தார். ஒன்றைப் பெறுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்; அவருக்கு இரண்டு டீ போதுமாயிருந்தது. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஒரு 'கா' அல்லது 'யா', நடுவில் வாய்க்கு வந்தது. பொருளும் அவரே. 'மிகத் தொன்மையான பெயர்' என்று அங்கங்கே ஒரு வரி வேறு. தொன்மை என்றால் அன்று காலை பதினொரு மணி.

அதில் ஒரு பெயர் பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் எனக்கென்ன தெரியும்? புத்தகம் ஏழு பதிப்பு போயிற்று. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு மூன்று பேர் அதே பெயரில். அதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், எனக்கெதற்குப் பொல்லாப்பு? பொருளை மட்டும் சொல்கிறேன்: 'குடும்பத்தைத் தாங்குபவள்.'

போன மாதம் ஒரு மத்தியானம் அச்சகத்துக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கையில் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு, முதுகு பிய்ந்து தொங்கியது. பசைதான் விட்டிருந்தது, என் தையல் பிரியவில்லை.

"இதுல அர்த்தமெல்லாம் எழுதினது யாரு?"

"நான்தாம்மா" என்று என் வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைப்பு.

அவளுக்கும் அதே பெயர்தான். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் அப்பா, இரண்டு அண்ணன்கள். மூன்று பேருக்கும் கைகால் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அம்மா போன நாளிலிருந்து, பன்னிரண்டு வயசிலிருந்து, சமையலும் துணியும் இவள் தலையில். முணுமுணுத்தால் அப்பா இந்தப் புத்தகத்தை விரிப்பாராம். "உன் பேர்லயே இருக்கேம்மா. அந்தக் காலத்துப் பேரு, சும்மாவா வெச்சிருப்பாங்க?" வேலைக்குப் போகிறேன் என்றதற்கும் அதே பக்கம்தான்.

"நிஜமாவே அதான் அர்த்தம்னா வாயை மூடிட்டு இருந்துடறேன் சார். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

அழவில்லை. ஆனால் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். என்னைப் பார்த்தார். நான் பசை வாளியோடு நின்றேனே தவிர, காப்பாற்றப் போகவில்லை.

"அது... நானாப் போட்டதும்மா. பேரும் நான்தான், அர்த்தமும் நான்தான். பக்கம் காலியா இருந்துச்சு."

"சும்மா எப்படி சார் தோணும்? எதையாவது பார்த்துத்தானே எழுதியிருப்பீங்க?"

தலையைச் சொறிந்தார். "இவளைப் பார்த்துத்தான்" என்று என்னைக் காட்டினார். "அன்னைக்கு இவ இடுப்புல பிள்ளை, ஒரு கையில எனக்குச் சாப்பாடு, தலையில ஃபாரம் கட்டு. கதவைக் காலால தள்ளிக்கிட்டு வந்தா. பார்த்தேன். சட்டுனு தோணுச்சு, எழுதிட்டேன்."

சொல்லும்போது அவர் குரல் கூடத் தழுதழுத்தது. பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்கும் உள்ளம் குளிர்ந்துதான் போயிற்று. அப்புறம்தான் அந்தக் கட்டின் கனம் ஞாபகத்துக்கு வந்தது. பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"சட்டுனு எழுதினீங்க, சரி. சட்டுனு எழுந்து வந்து கட்டை வாங்கினீங்களா?"



அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்க்கா. நான் திங்கக்கிழமை போறேன்."

விடுவிடுவென்று நடந்தாள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இருபத்தைந்து வருடம் தாமதம்; ஆளும் வேறு.