பாட்டிலுக்குச் சொந்த ஊர் எது?

நாக்கில் ஒரு சொட்டுப் படாத சரக்குக்குப் பிறந்த ஊர் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. புது வேலையின் சோதனைக் காலத்தில் தூக்கம் கெட்ட புண்ணியவான்களே, என் கதையையும் கேளுங்கள்!

இலுப்பூரில் வீட்டிலிருந்தே வேலை. பிரான்சிலிருந்து வரும் ஒயின் பாட்டிலின் லேபிளைப் படத்தில் பார்த்து, எந்த வட்டாரம், தரச் சான்று உண்டா என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதை ஸ்டிக்கராக அடித்து, சென்னைக் கிடங்கில் பாட்டிலின் பின்பக்கம் ஒட்டுவார்கள். தப்பாக ஒட்டினால் சரக்கும் நிற்கும், ஆறு மாதச் சோதனையில் இருக்கும் என் வேலையும் போகும்.

சரோஜாக்காவின் விசாரணை

"ஒயின்ஷாப்புலயா வேலை பாக்குறே?" என்றார் பக்கத்து வீட்டு சரோஜாக்கா. பதறிப்போய் விளக்கினேன். பிரான்சில் ஒயினுக்கு ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட வேண்டுமென்றால் திராட்சை அந்த எல்லைக்குள்ளேயே விளைந்திருக்க வேண்டும், சொன்ன முறைப்படி செய்திருக்க வேண்டும், பரிசோதித்துச் சான்றும் தர வேண்டும் என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டார். "எம் மகனுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க தாலுகாபீசுக்கு மூணு நடை நடந்தேன். பாட்டிலுக்கும் அந்தப் பாடா தாயி?"

பத்திரிகை வைக்க வந்தவர்

என் கணவரின் சித்தப்பா கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவர் பெயருக்குக் கீழே 'அரிமளம்', அதற்கும் கீழே சின்னதாக 'இருப்பு: கோயம்புத்தூர்'.

"முப்பது வருசமா அங்கிட்டுத்தானே இருக்கீங்க மாமா, கோயம்புத்தூர்னே போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பொழைக்கப் போன எடத்தைச் சொந்த ஊருன்னு போட்டா சனம் சிரிக்காதாம்மா?"

ஐயோ, போர்தோ!

எனக்குப் பகீரென்றது. காலையில் ஏற்றிய ஒரு லேபிளில் பெரிதாக இருந்தது வெறும் 'பிரான்ஸ் ஒயின்'தான். கீழே பொடி எழுத்தில் போர்தோ என்று இருந்தது, பாட்டிலில் அடைத்த கம்பெனியின் விலாசம். போர்தோ ஒயினுக்குப் பேர்போன வட்டாரமாச்சே என்று நான் பாட்டுக்கு அதை 'போர்தோ ஒயின்' ஆக்கிவிட்டேன்! திராட்சை எங்கே விளைந்ததோ, யார் கண்டது?

மாமாவுக்குக் காபிகூடக் கொடுக்காமல் கிடங்குக்குப் போன் போட்டேன். ஸ்டிக்கர் ஒட்டும் ஸ்டெல்லாக்கா எடுத்தார். "ஒட்டிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "எங்கிட்டு ஒட்டுறது? பிரிண்டர் காலையிலேருந்து படுத்துக்கிச்சு" என்று சலித்துக்கொண்டார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. மறைக்க மனசில்லாமல் மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "தப்பு பண்ணவங்களே போன் பண்ணிச் சொன்னது இந்த ஆபீஸ்ல இதான் முதல் தடவை. வேலையில இருங்கம்மா."

ஒப்புக்கொண்ட உண்மை பாதி, படுத்துக்கொண்ட பிரிண்டர் பாதி என்றுதான் நான் இன்று நிரந்தர ஊழியர்.