சாந்தி சிஸ்டர் வீட்டில் கேட்ட காகிதம்

சாந்தி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன். பொய்ச் செய்தி போட வைத்து என்னைப் பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்தது என்று அடுத்த செய்தி வந்தது. பொம்மையை அழிக்கத் தோன்றவில்லை. இன்னும் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கிறது.

பழிவாங்கக் காரணம் உண்டு. எங்கள் பாகூர்ப் பக்கத்துச் செவிலியர் அவர். பேர்தான் சாந்தி, அவர் ஸ்கூட்டர் வந்தால் தெருவில் அது இருக்காது. ஒருநாள் நைட்டிக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு கர்ப்பிணிகள் வரிசையில் நின்றேன்.

"எத்தினி மாசம்டி?"

"ப்ளஸ் டூ முடியற மாசம் சிஸ்டர்."

"இன்னா, பஞ்சுக் கொழந்தையா? கையக் காட்டு, ஊசி போட்டுடலாம்."

நிஜமாகவே ஊசியை எடுத்தார். ஓடினேன். தலையணை வாசலிலேயே பிறந்துவிட்டது.

என் அக்கா கவிதாவைக் கொடுத்தது கடலூர் மாவட்டத்தில். எங்கள் தெரு முடிந்தால் அந்த மாவட்டம்தான், ஆனால் மாநிலமே வேறு. போன மாதம் வளைகாப்பு. சந்தனம் பூசும்போது சிஸ்டர் கேட்டார்: "பொண்ணு எந்த ரேஷன் கார்டுல இருக்கு?"

"அவங்க வூட்டுலதான்" என்றாள் அம்மா.

"உங்க கார்டுலன்னு இல்ல நெனச்சோம்" என்றார் மாமியார்.

கல்யாணத்தோடு எங்கள் கார்டில் பெயரை வெட்டியாயிற்று; அங்கே சேர்க்கவே இல்லை. கார்டு இல்லாமல் அரசுக் காப்பீடு இல்லை. கவிதாவுக்கு ரத்த அழுத்தம். குழந்தை முன்னதாகவே வரலாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்க நேரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நல்ல நாள்ல இன்னா பேச்சு இது?" மாமியார் முகம் சுளித்தார்.

"நல்ல நாள்லதாம்மா ரெண்டு வூடும் ஒண்ணா கெடைக்கிறீங்க."

எங்கள் பக்க அலுவலகத்தில் சிஸ்டரே அலைந்து பெயர் நீக்கச் சான்று வாங்கினார்; அது இருந்தால்தான் அந்தப் பக்கக் கார்டில் சேர்ப்பார்கள். "நாளைக்குத் தரேன்டி" என்று போன் செய்தார். மறுநாள்தான் அந்தச் செய்தி. இன்னொன்று வாங்க எத்தனை வாரமோ. கவிதாவிடம் அத்தனை வாரம் இல்லை.

கர்ப்பிணி சாவு வீட்டுக்குப் போகக் கூடாதாம். நான் போனேன். "அங்க பேப்பர் கீப்பர்னு வாயத் தொறந்த, பாரு" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். ஐஸ் பெட்டிக்குள் மூக்குக் கண்ணாடி இல்லாமல் யாரோ போலிருந்தார் சிஸ்டர். மேளம், மாலை, அழுகை எதுவும் எனக்குள் இறங்கவில்லை. நேரே அவர் கணவரிடம் போனேன்.

"அங்கிள், சிஸ்டர்கிட்ட எங்க அக்கா பேப்பர் இருக்கு. எடுத்துக்கட்டா?"

சுற்றியிருந்த பெண்கள் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டியிருக்கிறது. அவர் ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். "டிக்கில இருக்கும்மா. இன்னிக்குக் குடுக்கணும்னு நேத்து சொல்லிக்கினு இருந்தா."

சிஸ்டரின் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கவிதாவின் பெயர் மாமியார் வீட்டுக் கார்டில் ஏறிவிட்டது. காப்பீட்டிலும் பதிந்தாயிற்று. குழந்தை இன்னும் வரவில்லை, எனக்கு அழுகையும்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான்: கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிடுகிற வாய். உங்கள் வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் வருவேன்.